கேமராவுக்கு முதுகு

எத்தனையோ படங்களில் நடித்திருக்கிறேன். அது என் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. அவளும் முழுசாக நம்புவதில்லை. நான் டூப். கதாநாயகன் குதிக்க வேண்டிய இடத்தில் நான் குதிப்பேன். என் முகம் கேமராவில் விழும்போலிருந்தால் சட்டென்று திரும்பிக்கொள்வேன்.

இப்போது நடிக்கும் சூப்பர் ஹீரோ படம் ஒரு காமிக்ஸ் கதை. அந்தப் புத்தகத்தில் ஒரே ஒரு பக்கத்துக்காக ஜனங்கள் உயிரை விடுவார்கள். எரியும் பஸ்ஸிலிருந்து டிரைவரைத் தூக்கி வந்த ஹீரோ, அந்த ஆள் கண் திறக்கும்வரை பறந்து போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். முதல் டைரக்டர் அந்தப் பக்கத்தையே தூக்கிவிட்டார். "உக்காரவா இந்த டிரெஸ்ஸு? பறடா!" என்றார். பறந்தேன். எடுத்ததைப் போட்டுப் பார்த்த பட முதலாளிக்குக் கொட்டாவி வந்தது. டைரக்டர் போனார்.

அடுத்து வந்த டைரக்டரம்மா அதுவரை குடும்பச் சண்டைகளை மட்டுமே படமெடுத்தவர். வந்த அன்றே, "அண்ணே, குதிச்ச பிறகு எங்க வலிக்கும்?" என்று கேட்டார்.

"எங்க வலிக்காதுன்னு கேளுங்கம்மா, சீக்கிரம் சொல்லிடுவேன்."

சிரித்தார். "அந்த வலியை மறைக்காதீங்க. எனக்கு அது வேணும்."

அன்றிலிருந்து நான் அவர் கட்சி.

இன்று அந்தப் பஸ் காட்சி. ஹீரோவுக்கு ரப்பர் முகமூடி என்பதால் உட்காருவதும் நான்தான். முதலாளி மானிட்டர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். "இது தேறலைன்னா நாளைக்கு வேற டைரக்டர்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லியுமாயிற்று.

டிரைவராக நடித்த பெரியவர் நல்ல கனம். "மெதுவா தம்பி, இடுப்பு ஒரிஜினல்" என்று காதில் சொன்னார். தூக்கி வந்து கிடத்தினேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். கேமரா அவர் தலைமாட்டிலிருந்து என்னைப் பார்த்தது.

"கட். அண்ணே, நீங்க அவரைப் பாக்கணும்."

"பாத்தேனேம்மா."

"சுவத்தைப் பாத்தீங்க."

மறுபடி எடுத்தோம். மறுபடியும் சுவர். ரப்பர் முகமூடிக்குள் யார் இருக்கிறார்கள் என்று கடவுளுக்கே தெரியாது. ஆனாலும் எதிரே கேமரா இருந்தால் என் கழுத்து தானாகத் திரும்பிவிடுகிறது. பிழைப்பு அப்படி.

"ஏன் தம்பி, என் மூஞ்சி அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்றார் பெரியவர்.

முதலாளி நாற்காலியில் நெளிந்தார். என் ஒரு கழுத்தால் டைரக்டரம்மாவின் வேலை போகப்போகிறதே என்று கழுத்தில் ஓங்கி ஒரு தட்டு தட்டிக்கொண்டேன்.

அந்தம்மா திட்டவில்லை. கொஞ்ச நேரம் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கேமராவை அண்ணனுக்குப் பின்னாடி கொண்டு போங்க" என்றார்.

"ஹீரோ மூஞ்சி தெரியாதேம்மா!" முதலாளி அலறினார்.

"இப்ப மட்டும் என்ன தெரியுது சார்? ரப்பர்தானே."

கேமரா என் முதுகுக்குப் பின்னால் போனது. கழுத்து வழக்கம்போல அதனிடமிருந்து முகத்தை ஒளித்துக்கொண்டது. ஒளிந்த இடத்தில் பெரியவர் இருந்தார். அப்போதுதான் அவரைப் பார்த்தேன். பாவம், நிஜமாகவே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அவர் இடுப்புக்கு அடியில் கையை அண்டக் கொடுத்தேன். முழங்கால் விண்ணென்று வலித்தது, மறைக்காமல் இன்னொரு கையால் அமுக்கிக்கொண்டேன். அவர் கண்ணைத் திறந்து, என் ரப்பர் கன்னத்தை மெல்லத் தட்டினார்.

டைரக்டரம்மா மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முதலாளிதான் "கட்" என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நாளைக்கு எத்தனை மணிக்கும்மா ஆரம்பிக்கிறீங்க?" என்று கேட்டார்.

வீட்டில் மனைவியிடம், "இந்தப் படத்துல நான் நல்லாவே தெரிவேன்" என்றேன்.

"மூஞ்சியா?"

"முதுகு."

"அது போதும். உங்க முதுகு எனக்குத் தெரியாதா?" என்றாள்.