ஒரு மயிரிழை வெளியே

சுடுதளத்தில் மூன்றாவது முறையாகத் துப்பாக்கி பாதியில் நின்றபோது வெர்னா பல்லைக் கடித்துக்கொண்டாள். சுட்டதும் பின்னால் போன ஸ்லைடு, அதாவது துப்பாக்கியின் நகரும் மேல்பாகம், முழுக்கத் திரும்பி வராமல், சரியாகச் சாத்தாத அலமாரிக் கதவு போல இம்மியளவு திறந்தே நின்றது.

“என்ன வெர்னா, இன்னிக்கும் தட்டித் தட்டித்தான் மூடணுமா? சுத்தியல் தரட்டுமா?” என்றார் பக்கத்து வரிசை ஹாஸ்கின்ஸ்.

“உன் வாய மூடவும் ஒண்ணு சேத்துக் கொண்டா.”

தோட்டா அவள் கணவர் ஓரின் செய்தது. தலை மழுங்கி, சுற்றிலும் தோள் வைத்த ஈயக் குண்டு. உருண்டை மூக்குக் குண்டு அட்டையைக் கிழித்துக்கொண்டு போகும். இதுவோ தாளில் துளை போடும் கருவியைப் போல வட்டமாக வெட்டி எடுக்கும். வளையக் கோட்டைத் தொட்டாலே கூடுதல் புள்ளி கிடைக்கும் விளையாட்டில் அந்த வெட்டுக்கு மதிப்பு அதிகம். ஆனால் அந்தத் தோள் பித்தளை உறையை விட்டுக் கொஞ்சம் அதிகமாக நீட்டிக்கொண்டிருந்தால், குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளம் தொடங்கும் இடத்தில் முட்டி நின்றுவிடும். ஓரினின் பழைய துப்பாக்கியில் முப்பது வருஷம் சுட்டுச் சுட்டு அந்த இடம் தேய்ந்துவிட்டது. எதைப் போட்டாலும் விழுங்கும். வெர்னாவுடையது புதுசு. மனிதர் ஒவ்வொரு தோட்டாவையும் தன் குழலில் போட்டுப் பார்த்தே ‘சரி’ என்கிறார்.

ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். “சுடும்போது உன் மணிக்கட்டு தொங்குது, அதான்” என்றவர், பத்து நாள் தோட்டா செய்யும் மேசை இருந்த கீழறைக்கே இறங்கவில்லை. வாதம் வந்து வலக்கை விழுந்தபின், அந்தத் தோட்டா மேசைக்குப் போவதற்காகத்தான் அவர் காலையில் சவரமே செய்துகொண்டார். அந்தப் பத்து நாளும் பைஜாமாவோடு ஜன்னலோரம் உட்கார்ந்து பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு வெர்னா வாயைத் திறக்கவில்லை.

இன்று பொறுமை போயிற்று. பையிலிருந்து கடையில் வாங்கிய உருண்டை மூக்குப் பெட்டியை எடுத்தாள். மீதிச் சுற்றுகள் தடங்கலே இல்லாமல் ஓடின.

அன்று மாலை, வியாழக்கிழமைதோறும் செய்வது போல, அவளுடைய இலக்கு அட்டைகளைச் சமையலறை மேசையில் விரித்து ஓரின் பூதக்கண்ணாடியைப் பிடித்தார். துளையே காட்டிக்கொடுக்கும் என்பது வெர்னாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

“இது யாரு சுட்டது?”

“நான்தான். பின்ன தபால்காரனா?”

“என் குண்டு இப்படிக் கிழிக்காது.”

“ஆமா, கிழிக்காது! மொதல்ல அது வெளிய போனாத்தானே!”

அடுப்பில் அவள் கிளறிக்கொண்டிருந்த கரண்டி பாத்திரத்தில் மோதிய சத்தம் அடங்குவதற்குள் அவளுக்கு அந்த ஜன்னல் நினைவுக்கு வந்துவிட்டது. ஓரின் இடது கை விரலால் கிழிந்த விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

“எத்தன வாரமா நிக்குது?”

“அஞ்சு.”

“ஏன் சொல்லல?”

“சொன்னேனே. பத்து நாள் சவரம் பண்ணாம உக்காந்திருந்தியே, மறந்துபோச்சா?”

அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். “உன் குழலக் கழட்டிக் கொண்டா” என்றார்.

அவள் அதை மேசையில் நிமிர்த்திப் பிடித்தாள். அவர் தன் தோட்டா ஒன்றை இடக்கையால் உள்ளே விட்டார். ‘டொக்’ என்று விழ வேண்டியது, சத்தமில்லாமல், முழுக்க இறங்காமல் உட்கார்ந்தது. விரலால் அழுத்தினார். இறங்கவில்லை. மறுபடி அழுத்தினார். அடுப்பில் பீன்ஸ் அடிப்பிடிக்கும் வாசனை வந்தும் இருவரும் நிமிரவில்லை. விளக்கு வெளிச்சத்தில், குழலின் விளிம்புக்கு மேலே பித்தளை ஒரு மயிரிழை மின்னிக்கொண்டிருந்தது.