கதவில் வேக்கன்ட் என்று எழுதியிருந்தது

படத்தைப் பார்த்ததும் லில்லிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பழைய பக்கத்து வீட்டுக்காரன் கிளென் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். தோட்டத்து லயத்தில் தொழிலாளர் வீட்டுக் கதவுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயின்டில் ஒரே ஆங்கிலச் சொல்: வேக்கன்ட். கடைசிக் கதவு அவளுடையது. அதில் பெயின்ட் வழிந்து பூட்டின் மேலேயே இறங்கியிருந்தது.

"ஆன்ட்டி, நீங்களும் காலி பண்ணிட்டீங்களா? சொல்லவே இல்லியே. மிஷின் வந்து அந்தக் கோடியிலேர்ந்து ஒடைக்க ஆரம்பிச்சிட்டாங்க" என்று கீழே எழுதியிருந்தான்.

அவள் காலி பண்ணவில்லை. அந்தப் பூட்டுக்குப் பின்னால் அவள் புருஷன் டொனால்ட் இருந்தார்.

டொனால்ட் ஒரு காலத்தில் அந்த ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஞாபகம் போய் சில வருஷமாகிறது. விடிந்ததும் கத்தியைத் தேடிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். வெட்டுவதற்கு அங்கே மரம் ஏது? எல்லாவற்றையும் சாய்த்து, மண்ணைச் சுரண்டிப் போட்டிருந்தார்கள். ஒருமுறை சுவா ரோட்டில் லாரிகளுக்கு நடுவில் நின்றவரைப் பிடித்து வந்தார்கள். அதிலிருந்து வெளியே போகும்போதெல்லாம் லில்லி கதவை வெளிப்பக்கம் பூட்டிவிட்டுப் போவாள். லயத்தில் ஆட்கள் இருந்தவரை அதில் ஒரு பயமும் இல்லை. லில்லி வீடு பூட்டியிருந்தால் டொனால்ட் உள்ளே இருக்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும். யாராவது சன்னல் வழியாக ஒரு பேச்சுக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த ஆட்கள் ஒவ்வொருவராக ஃபிளாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பூட்டு மட்டும் அப்படியே தொங்கியது. தெரிந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள், இனி அந்தப் பூட்டைப் பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டும்.

படம் வந்தபோது அவள் டவுனில், லோபாக்கில், மகள் ஜோஆன் வேலை செய்யும் வக்கீல் ஆபீசில் இருந்தாள். ஆஸ்பத்திரியில் டொனால்டுக்கு மருந்து வாங்கிவிட்டு மகளைப் பார்க்க வந்தவள். இருவரும் காருக்கு ஓடினார்கள்.

கிளெனுக்குப் போன் அடித்தால் லைன் இல்லை. மிச்சச் சாமானை ஏற்றிய வேனோடு கோலா கிளாவாங் மலைப்பாதையில் ஏறியிருப்பான். லயத்தை உடைக்கும் குத்தகைக்காரரின் ஆபீசில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. போலீசில் ஆள் அனுப்புகிறோம் என்றார்கள்.

ஜோஆனுக்குப் பயம் வந்தால் வாய் நிற்காது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

"அடுத்த மாசம் வரைக்கும் டைம் இருக்குதும்மா. தோட்டத்துக்காரங்களே கோர்ட்டுல ஒத்துக்கிட்டாங்க. அதுக்கப்புறம்தான் வேக்கன்ட் பொசெஷன். அப்படின்னா ஒரு ஆளு, ஒரு சாமான் இல்லாம நெலத்தக் கொடுக்கறது. எப்படி இன்னிக்கே ஒடைப்பாங்க?"

லில்லிக்கு அந்தச் சொல் புதிதல்ல. அவள் அப்பா தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்திப் பேர் வாசிப்பார். வெட்டுக்காரன் வராவிட்டால் அவனுடைய மர நிரையை "வேக்கன்ட்" என்பார். உடனே வேலையை மேய்க்கும் மண்டோர் வேறொரு ஆளை அந்த நிரைக்கு அனுப்புவார். மரம் அங்கேதான் நிற்கும், பால் அதற்குள்ளேதான் இருக்கும், வெட்ட ஒரு கை வர வேண்டும், அவ்வளவுதான். இதைச் சொன்னால் மகள் கொஞ்சம் வாயை மூடுவாள் என்று சொல்லிப் பார்த்தாள்.

"அதுதான்மா பழைய அர்த்தமே. லத்தீன்லேர்ந்து வந்த சொல்லு. இங்கிலீஷ்ல மொதல்ல பதவிக்குத்தான் சொன்னாங்களாம். பிஷப் செத்துட்டா அந்த நாற்காலி வேக்கன்ட். அடுத்த ஆளு வர வரைக்கும் அது காத்துக்கிட்டு இருக்கும். வீடு, நெலம், மூஞ்சின்னு அப்புறம் எல்லாத்துக்கும் சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க."

மூஞ்சி என்றதும் ஜோஆன் நாக்கைக் கடித்துக்கொண்டாள். போன மாதம் டொனால்டின் கண்ணில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, அவர் பார்வைக்கும் முகத்துக்கும் இதே சொல்லைத்தான் சொன்னார். சும்மா பார்க்கிறார் என்று அர்த்தம்மா என ஜோஆன் அன்று மழுப்பியிருந்தாள். அதன் அர்த்தம் லில்லிக்கு இப்போதுதான் உறைத்தது. ஆளையும் அப்படிச் சொல்லிவிட்டார்கள், கதவிலும் எழுதிவிட்டார்கள்.

"பேசாம ஓட்டுடி" என்றாள்.

லயம் தெரிவதற்கு முன்னாலேயே புழுதி தெரிந்தது. கார் நிற்பதற்குள் லில்லி இறங்கி ஓடினாள். வரிசையில் பாதிக்கு மேல் செங்கல் குவியல். இயந்திரம் பக்கத்து வீட்டுச் சுவரில் பல்லை ஊன்றியிருந்தது. இரண்டு வீட்டுக்கும் அது ஒரே சுவர். அவள் கத்தியது அவள் காதுக்கே கேட்கவில்லை. நேராகப் போய் அந்த இரும்புக் கைக்குக் கீழே நின்றாள்.

இயந்திரம் நின்றது. மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த ஆசிக் என்ற இளைஞன் ஓடி வந்தான்.

"உள்ள ஆளு இருக்காருப்பா. என் வீட்டுக்காரரு."

ஆசிக் கதவைத் திரும்பிப் பார்த்தான். "தட்டினேன்மா. சன்னல்லயும் தட்டிக் கூப்பிட்டேன். ஒரு சத்தமும் வரலே. வெளியே பூட்டு வேற."

சாவி நுழையவில்லை. பூட்டுக்குள் பெயின்ட் இறங்கிக் காய்ந்திருந்தது. லில்லி சாவியை வீசிவிட்டுப் பூட்டைப் பிடித்து இழுத்தாள். ஆசிக் இரும்புக் கம்பியைக் கொண்டுவந்து பூட்டைப் பெயர்த்தான்.

உள்ளே சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்து, கட்டில் முழுக்கக் காரை கொட்டிக் கிடந்தது. கட்டிலில் ஆள் இல்லை. லில்லி அதைப் பார்த்து நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் செத்துப் பிழைத்தாள். பிறகுதான் கட்டிலுக்கு அடியில் கால் தெரிந்தது. டொனால்ட் அங்கே குந்தியிருந்தார். தலையெல்லாம் சுண்ணாம்பு. இரண்டு கையாலும் வாயை இறுக்கிப் பொத்தியிருந்தார்.

லில்லி தரையில் விழுந்து அவரைக் கட்டிக்கொண்டாள். "கூப்பிட்டாங்களே, ஏங்க ஒரு சத்தம் போடலே?"

அவர் கையை மெல்ல விலக்கி ரகசியமாகச் சொன்னார். "நீதானே சொன்னே. யாரு தட்டினாலும் வாயத் தொறக்காதீங்கன்னு."

சொன்னாள்தான். லயம் காலியானதும் கூரைத் தகரத்தையும் கரண்டு கம்பியையும் உருவ வரும் திருடர்களுக்குப் பயந்து, பூட்டும்போதெல்லாம் சொன்னாள். சாப்பிட்டதை மறந்தவர், பெற்ற மகளின் பேரை மறந்தவர், இந்த ஒன்றைப் பிடித்துவைத்திருந்தார். சுவர் தலையில் இறங்கியபோதும் அவள் பேச்சை அவர் மீறவில்லை.

"இனிமே யாராச்சும் தட்டினா கத்துங்க. பெருசா கத்துங்க. கேட்டுச்சா?"

"சரி" என்றார், நல்ல பிள்ளையாக.

ஆசிக் தண்ணீர் போத்தலோடு வந்து, உள்ளே வரத் தயங்கி, திறந்திருந்த கதவை மெதுவாகத் தட்டினான். டொனால்டின் உடம்பு ஒடுங்கியது. ஒரு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார். மற்றக் கையால் லில்லியின் வாயைப் பொத்தினார்.