சுத்தாத சிடி

முதலாளி மகள் ஷெர்லின் அலமாரியை ஒழித்தபோது அந்த சிடி பிளேயரையும் ஹெட்போனையும் என் மடியில் போட்டாள். "குப்பையில போடத்தான் எடுத்தேன். வேணும்னா நீ வச்சுக்க." உள்ளே ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு சிடி இருந்தது. அதைக்கூட எடுக்கச் சோம்பல். அதற்குப் பெயர் தானம்.

ஏலக்காய்க் கிட்டங்கியில் நாங்கள் வரிசையாக உட்கார்ந்து வெடித்த காயையும் வெளுத்த காயையும் பொறுக்குவோம். மற்றவர்களுக்குக் கையைவிட வாய் வேகமாக ஓடும். நான் ஹெட்போனை மாட்டியதும் சுப்புத்தாய் சிரித்தாள்.

"ஊரே செல்லுல பாட்டு கேக்குது. இவ தோசக்கல்லக் கட்டிக்கிட்டுத் திரியிறா."

அது ஒரு பொழுதுக்குள் இரண்டு பேட்டரியைத் தின்றுவிடும். கட்டுப்படியாகவில்லை. தீர்ந்ததைத் தூக்கி எறிந்தேன். ஹெட்போனை மட்டும் கழற்றவில்லை. கழற்றினால் யாராவது பேசுவார்கள், பதில் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்டதே அதற்குப் பயந்துதான். காதில் எதையாவது மாட்டியிருப்பவள் செவிடு என்பது இந்த அறிவாளிகளின் நம்பிக்கை.

சுப்புத்தாய் தன் மகன் பெத்துராஜுக்கு என்னைக் கேட்டு வீட்டுக்கு வந்தாள். மலைத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறான். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் கிட்டங்கியில், எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு அய்யம்மாள் சுப்புத்தாயிடம் கேட்டாள்.

"ஒம் மகன் மொதல்ல கட்டுன தேவாரம் ஊர்க்காரி அடி தாங்காம ஓடிட்டாளே, அத இவ ஆத்தாகிட்டச் சொன்னியா?"

"சொன்னாப் பொண்ணு குடுப்பாளா? இதான் மொதக் கல்யாணம்னு சொல்லிருக்கேன்."

"பாவம்டி இந்தப் புள்ள."

"என்ன பாவம்? இதுக்கு வாயே கெடையாது. அவன் அடிச்சாலும் சத்தம் வெளிய வராது. அதுக்குத்தான இதப் பாத்தேன்!"

வெடித்த காயை நல்ல காயில் போட்டுவிட்டேன். திரும்ப எடுத்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். "புடிக்கலேன்னா சொல்லு, பழி போடாத," என்றாள். பேசாத பெண் பேசினால் அது பொய்யாகத்தான் இருக்குமாம்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். பெத்துராஜின் சட்டைப் பையில் இரண்டு செல், இரண்டும் வெளியே தெரியும்படி. வாய் நிறைய மிக்சரோடு, "அந்தப் பாட்டுப்பெட்டியக் கொண்டா. நீ கேக்குறத நானும் கேக்குறேன்," என்றான்.

கொடுத்தேன். காதில் மாட்டிப் பொத்தானை அமுக்கினான். தட்டினான். தொடையில் வைத்துக் குத்தினான். பிறகு பின்மூடியைத் திறந்தான்.

"என்னத்தா, இதுல பேட்டரியே இல்ல?"

சுப்புத்தாயின் காப்பி டம்ளர் பாதி வழியில் நின்றது. "எப்ப இருந்துடி இல்ல?"

"தீபாவளியில இருந்து அத்தை," என்றேன். நானும் ஒன்று கேட்டேன். "தேவாரத்து அக்கா நல்லாருக்காங்களா?"

பெத்துராஜ் மெல்லுவதை நிறுத்தினான். அம்மா சுப்புத்தாயின் முகத்தையே பார்த்தாள்.

"தேவாரத்துல யாரு மதினி?"

"அது... ஜீப்புக்குச் சோலி இருக்கு மதினி. வெரசாப் போகணும்." எழுந்த வேகத்தில் செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டாள். மகன் என் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டியபடியே வாசல் வரை போய்விட்டான். அம்மாதான் ஓடிப்போய்ப் பிடுங்கி வந்தாள்.

சுப்புத்தாய் இப்போது கிட்டங்கியின் எதிர்மூலையில் உட்காருகிறாள். நான் ஹெட்போனை மாட்டியதும் வரிசை முழுக்க வாயை மூடிக்கொள்கிறது. வேறு வழியில்லாமல் பேட்டரி வாங்கிவிட்டேன். சித்திரை வெயிலில் கிறிஸ்துமஸ் பாட்டு ஓடுகிறது. இவர்கள் பேச்சுக்கு அது எவ்வளவோ மேல்.