துறைமுகத்துக் குமாஸ்தாவின் மகள்

எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. முதல் பாரத்தில், அதாவது இப்போதைய ஆறாம் வகுப்பில், புதிதாகச் சேரும் ஒவ்வொரு பெண்ணையும் ஆறாம் பாரத்துப் பெண் ஒருத்தியிடம் ஒப்படைப்பார்கள். மணி அடித்தால் எங்கே நிற்பது, தண்ணீர் எங்கே குடிப்பது, எந்த டீச்சருக்கு எப்போது கோபம் வரும் என்பதையெல்லாம் அவள் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவளுக்குப் பெயர் துணை அக்கா. 1934-இல் மயிலாப்பூரில் அதைவிடப் பெரிய பதவி இருந்ததாக எனக்குத் தெரியாது. அவ்வளவு தலைக்கனம்.

எனக்கு வந்தவள் தேசம்மா. சாந்தோம் குப்பத்துப் பெண். அப்பா கட்டுமரத்தில் போகிறவர், அம்மா மந்தைவெளித் தெருக்களில் கூடை சுமந்து மீன் விற்பவள். மீனவர் வீட்டுப் பெண்கள் பள்ளிக்கூடச் சம்பளத்தில் பாதி கட்டினால் போதும் என்று சலுகை இருந்தது. அதனால்தான் அவள் எங்கள் வாசலை மிதிக்க முடிந்தது. "முழுசும் கட்டணும்னா நானும் கூடை தூக்கப் போயிடுவேங்க்கா" என்று முதல் நாளே சொன்னாள். நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் என் சிநேகிதி விஜயலக்ஷ்மி மூக்கைப் பொத்திக்கொண்டாள். "ஏண்டி ஜானு, உன் தங்கை வரான்னு வாசனையே சொல்லிடறதே."

எல்லோரும் சிரித்தார்கள். தேசம்மாவுக்காகத்தான் எனக்குக் கோபம் வந்தது என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பொய். எனக்கு மானம் போயிற்று, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே அவளைத் தனியே கூப்பிட்டேன்.

"அப்பா என்ன பண்றார்னு யார் கேட்டாலும், ஹார்பர்ல குமாஸ்தாவா இருக்கார்னு சொல்லு."

"அது பொய்யாச்சேக்கா."

"உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்? கடைசி வரைக்கும் தனியா உக்காந்துண்டுதான் சாப்பிடப்போறியா?"

அவள் கெட்டிக்காரி. ஒரே மாதத்தில் 'இன்னா' போய் 'என்ன' வந்தது. கேட்டவர்களிடமெல்லாம் அப்பா குமாஸ்தா என்றாள். அவள் வகுப்புக் குழந்தைகள் நம்பினார்கள், பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆகஸ்டில் இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்தார். சலுகைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருத்தியையும் எழுப்பி அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டார். தேசம்மா எழுந்தாள். வகுப்பே அவளைப் பார்த்தது.

"ஹார்பர்ல குமாஸ்தா" என்றாள், கொஞ்சமும் தடுமாறாமல்.

ஹெட்மிஸ்ட்ரஸ் அவளையும், துணை அக்கா என்பதால் என்னையும் தம் அறைக்குக் கூப்பிட்டார். அப்பா குமாஸ்தா என்றால் சலுகை கிடையாது. மீன் பிடிக்கிறவர் என்றால், இன்ஸ்பெக்டர் முகத்துக்கு நேரே பொய் சொன்ன பெண்ணுக்குச் சலுகை கிடையாது. எப்படிப் பார்த்தாலும் முழுச் சம்பளம்.

"இப்படிச் சொல்ல யார் சொல்லிக்கொடுத்தது?" என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டார்.

நான் வாயைத் திறந்திருந்தால் அவள் தப்பித்திருப்பாள். ஆனால் எனக்கு அடுத்த வருஷம் காலேஜில் சேர வேண்டும். நன்னடத்தைச் சான்றிதழில் கையெழுத்துப் போடப்போகிறவர் எதிரே உட்கார்ந்திருந்தார். தேசம்மா என்னை ஒரு தரம் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"யாரும் இல்ல டீச்சர். நானாத்தான் சொன்னேன்" என்றாள் அவள்.

மறுநாள் அவள் அம்மா பெண்ணின் பெயரை எடுத்துவிட வந்தாள். கூடையைக் கேட்டுக்கு வெளியே இறக்கி வைத்துவிட்டு, உள்ளே வர யோசித்து நின்றாள். பின்னால் தேசம்மா. என்னைக் கண்டதும் அந்த அம்மாள் முகம் மலர்ந்தது.

"நீதான் ஜானு பாப்பாவா? வூட்டுல எந்நேரமும் உன் பேச்சுதான் பேசிக்கினு இருப்பா. நீ நல்லாத்தாம்மா பாத்துக்கினே. இதுக்குத்தான் புத்தி இல்லாம பூட்ச்சு. உன் பேரையும் கெடுத்துட்டா. மன்னிச்சுக்கம்மா."

சொல்லிவிட்டு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஹெட்மிஸ்ட்ரஸ் அறை பத்தடி தூரத்தில்தான் இருந்தது.

"பரவாயில்லை" என்றேன்.