கடைசியாக அச்சான தாள்

கடல் அணையின் மரத்தூண்களைக் கப்பல்புழு அரித்துத் தின்றுகொண்டிருந்த காலம் அது. இது கடவுள் கொடுத்த தண்டனை என்று ஹார்லிங்கன் துறைமுக ஊரே தேவாலயத்தில் மண்டியிட்டுக் கிடக்க, அச்சுக்காரர் லுப்பர்ட் சிக்கெமா மட்டும் இற்றுப்போன தூண்களைக் கடைக்கு இழுத்து வந்து பிளந்து பார்த்தார். கண்ணுக்கே தெரியாத பொடிசாக உள்ளே நுழையும் புழு, மரத்துக்குள்ளேதான் விரல் தடிமனுக்கு வளர்கிறது என்று கண்டுகொண்டார். அச்செழுத்துக் கோத்தது போக மிச்ச நேரத்தில் டான்சிக் நகர வைத்தியருக்கும் உப்சாலா நகரப் பாதிரியாருக்கும் பேராசிரியர் டெர்வாலுக்கும் அதை விவரமாக எழுதினார். முதல் இருவரும் சந்தோஷமாகப் பதில் போட்டார்கள். மை பூசுகிறவனுக்கு எதற்கு ஆராய்ச்சி என்று டெர்வால் ஒரே வரியில் வாயை அடைத்தார்.

மூன்று வருஷம் கழித்து அதே டெர்வால் ஒரு கையெழுத்துப் பிரதியோடு கடைக்கு வந்தார். அச்செழுத்தில் மை ஒற்றும் பந்தின் தோலைப் பதமாக்க ஊறவைத்த மூத்திரத்தின் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டார். லுப்பர்ட் பிரதியைப் புரட்டினார். அத்தனையும் அவரே டெர்வாலுக்கு எழுதி அனுப்பிய வாக்கியங்கள்.

“என்னப்பா முழிக்கிற? உன் பேரும்தான் வரப்போகுது. முதல் பக்கத்துல, அடியில, அச்சிட்டவன்னு.”

திருடியதோடு நிற்காமல், திருட்டுச் சொத்தைச் சொந்தக்காரன் தலையிலேயே தூக்கி வைக்கும் திமிரை என்னவென்று சொல்வது! லுப்பர்ட் குனிந்து வணக்கம் வைத்தார். இவனை விடக்கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

குளிர்காலம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு தாளையும் அச்சேற்றும் முன் சரிபார்க்க அனுப்பினார். டெர்வாலும் பிழை திருத்தி, ‘அச்சிடலாம்’ என்று கையெழுத்துப் போட்டார். பெயர் தாங்கிய முதல் பக்கம் எந்த அச்சகத்திலும் கடைசியாகத்தான் அச்சாகும். அதுவரை எழுதியவர் பெயர் புத்தகத்தில் எங்கும் இருக்காது. அதையும் சரிபார்க்க அனுப்பட்டுமா என்று லுப்பர்ட் பணிவாகக் கேட்டார். என் பெயர் எனக்குத் தெரியாதா, சீக்கிரம் முடி என்று பதில் வந்தது. அந்தப் பதிலுக்காகத்தான் அவர் காத்திருந்தார்.

புத்தகம் தயாரானதும் டெர்வால் புது டோப்பாவும் இரண்டு நண்பர்களுமாக வந்து இறங்கினார். முதல் பக்கத்தைத் திறந்தார். மேலே, கொட்டை எழுத்தில், லுப்பர்ட் சிக்கெமா என்றிருந்தது. டெர்வாலின் முகம் வெளுத்துவிட்டது.

“எல்லாத்தையும் இப்பவே கொளுத்துடா.”

“டான்சிக்குக்கும் உப்சாலாவுக்கும் போன வாரமே கப்பல்ல போயிருச்சு ஐயா. அது யாரு கண்டுபிடிச்சதுன்னு அவங்களுக்குத் தெரியும்.” லுப்பர்ட் மை படிந்த விரலைப் பக்கத்தின் அடியில் வைத்தார். “ஏன் பதறுறீங்க? உங்க பேரும்தான் இருக்கு.”

நண்பர்கள் இருவரும் குனிந்து படித்தார்கள். ‘பிழை திருத்தியவர்: பேராசிரியர் டெர்வால்.’