ஜன்னல் சாத்திய கொட்டகை

விடியும் முன்பே மலையாண்டி கட்டிலின் தலைப்பலகை மேல் குனிந்திருந்தான். அரக்குக் கரைத்த ஸ்பிரிட்டில் துணிப்பொதியை நனைத்து வட்டம் வட்டமாகத் தேய்க்க, தேக்கின் வரிகள் மெல்லப் பளபளத்தன. பக்கத்தில் அவன் மனைவி செவந்தி அலமாரியை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். வருஷக்கணக்காகத் தேய்த்ததில் அவள் விரல்நுனிகளில் ரேகையே இல்லை.

புதுக்கோட்டையில் ஆத்மநாதனின் மரச்சாமான் கடைக்குப் பின்னால் இருந்தது அந்தத் தகரக் கொட்டகை. ஆவணிக் கல்யாணங்களுக்கான சாமான்கள் ஆடிக்குள் முடிந்தாக வேண்டும். ஆடிக்காற்றோ புழுதியை வாரி இறைத்தது. ஈரப் பாலீஷில் தூசி விழுந்தால் வேலை பாழ்.

"ஜன்னலைச் சாத்துங்கடா!" என்றார் ஆத்மநாதன்.

"ஸ்பிரிட் வாடை தலையச் சுத்துதுங்க. வஜ்ஜிரப் பசை காய்ச்சுற அடுப்பையாவது வெளிய வைக்கலாங்க" என்றார் ஆவூர்த் தச்சர் ஆரோக்கியமுத்து.

"காத்துல அடுப்பு நிக்குமா? சொன்னதைச் செய்யி."

மலையாண்டி எழுந்துபோய் ஜன்னல்களைச் சாத்திக் கொண்டி போட்டான்.

உச்சிவேளையில் யார் கால் பட்டதோ, ஸ்பிரிட் டின் சரிந்தது. தரையில் ஓடி அடுப்பைத் தொட்டதும் நீலமாய்த் தீ பரவியது. வாசலோரம் இருந்த மலையாண்டியும் மற்றவர்களும் வெளியே பாய்ந்தார்கள். செவந்தி ஜன்னலடியில் இருந்தாள். துருவேறிய கொண்டி அவள் கைக்கு அசையவில்லை. சேலை பற்றிக்கொண்டது. மலையாண்டி தீக்குள் புகுந்து, ஈரச்சாக்கைப் போர்த்தி அவளைத் தூக்கிவந்தான்.

ஆஸ்பத்திரியில் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "செத்த நேரம் விசிறுங்க."

பொழுது சாயும்வரை விசிறினான். "போதுமா புள்ள?" என்று குனிந்து கேட்டான். அவள் மூச்சு நின்றிருந்தது. அதன்பிறகும் விசிறிக்கொண்டே இருந்தான். ஆரோக்கியமுத்துதான் விசிறியை வாங்கி வைத்தார்.

கருமாதி முடிந்து அவன் வேலைக்கு வந்தபோது கருகிய அலமாரி கொட்டகை நடுவில் நின்றது.

"பெயின்ட் அடிச்சிட்டா கருப்பு தெரியாது" என்றார் ஆத்மநாதன். "அவதான் சேலையை இழுத்துச் செருகாம விட்டுட்டா. என்ன செய்யிறது? நடந்தது நடந்துபோச்சு. வேலையப் பாரு."

மலையாண்டி பிரஷ்ஷை எடுத்தான். அவள் தேய்த்து முடித்திருந்த பலகை அது.

"நாந்தானே ஜன்னலைச் சாத்துனேன்... என் கையாலதானே..." என்று அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"சாத்தச் சொன்னது யாருப்பா?" என்ற ஆரோக்கியமுத்து, அவன் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கி முதலாளியின் காலடியில் வைத்தார். "ஜன்னல் தொறந்து கெடக்கணும். அடுப்பு வெளிய போகணும். அந்தப் புள்ள சாவுக்கு நீங்க பதில் சொல்லணும். அதுவரைக்கும் ஒருத்தரும் பிரஷ்ஷைத் தொடமாட்டோம்."

"தொடாட்டிப் போங்கடா! கறம்பக்குடியிலேருந்து ஆள் வருது."

எல்லோரும் வெளியேறி வாசலில் அமர்ந்தார்கள்.

மறுநாள் காலை பஸ்ஸில் கறம்பக்குடி ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு மேஸ்திரி மூக்கன். வாசலில் மொட்டைத் தலையோடு குந்தியிருந்த மலையாண்டியைப் பார்த்து நின்றான். ஆரோக்கியமுத்து நடந்ததைச் சொன்னார்.

"அங்கிட்டு என்ன பேச்சு? உள்ள வாங்க!" என்று கத்தினார் ஆத்மநாதன்.

மூக்கன் துணிமூட்டையைத் தரையில் இறக்கினான். "எங்க வீட்டுக்காரியும் உப்புத்தாள்தாங்க தேய்க்கிறா" என்றான். பிறகு மலையாண்டியிடம், "கொஞ்சம் தள்ளிக்கங்கண்ணே" என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். கூட வந்தவர்களும் ஒவ்வொருவராக மூட்டையை இறக்கினார்கள்.

செவந்தி போனதிலிருந்து அழாத மலையாண்டி அப்போது வாய்விட்டு அழுதான். மூக்கன் அவன் தோளை அணைத்துக்கொண்டான்.

"போலீசைக் கூப்பிடுவேன்!" என்றார் ஆத்மநாதன்.

ஒருவரும் எழவில்லை.