பின்கழுத்து

டாக்டர் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் தையல்காரனுக்குப் புரிந்தது. அக்கா கொடுத்த கிட்னியில் கட்டி. புற்றுநோய். அது அவன் உடம்பில் முளைத்ததல்ல, ஒரு பெண்ணின் செல்கள், கிட்னியோடு கூடவே வந்தவை. தோலில் மச்சமாகத் தொடங்கும் ரகமாம். அக்காவுக்கு எப்போதாவது மச்சம் எடுத்தார்களா என்று கேட்டார். தெரியாது என்றான். அவளையும் உடனே கூட்டிவரச் சொன்னார்.

தெரியாதாம்! அன்று முழுக்க மிஷினில் உட்கார்ந்தும் கை ஓடவில்லை. அக்காவின் சட்டைகளை அவன்தான் தைப்பான். முன்பெல்லாம் பின்கழுத்து நன்றாக இறங்கியிருக்கும், மேல்முதுகில் மிளகு போல ஒரு மச்சம் தெரியும். திடீரென ஒருநாள் கழுத்தை மூடித் தைக்கச் சொன்னாள். வயசாகிவிட்டதாம். அவனும் கிண்டலடித்துக்கொண்டே ஏற்றித் தைத்தான். கிட்னி கொடுப்பதற்கு முந்தைய வருஷம் அது. ஆஸ்பத்திரியில் அத்தனை கேள்வி கேட்டார்களே, வாயைத் திறந்தாளா? தெரிந்தேதான் கொடுத்தாளா? கூடப்பிறந்தவளைப் பற்றி இப்படி நினைக்கக் கூசியது, நினைக்காமலும் இருக்க முடியவில்லை. ஆபரேஷனுக்கு அப்புறம் உங்கள் அக்கா ஏன் செக்கப்புக்கே போகவில்லை என்று மனைவி வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினாள்.

மறுநாள் டேப்பை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனான். புதுச் சட்டைக்கு அளவு என்றான். இத்தனை வருஷமாக அளவே எடுக்காமல் தைத்தவனை ஏன் என்று அவள் கேட்கவில்லை. திரும்பி நின்றாள். அதுவே அவனுக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. சட்டையைச் சற்று இறக்கிப் பார்த்தான். மச்சம் இருந்த இடத்தில் வழவழவென்று ஒரு தழும்பு.

"இதை எடுத்தப்ப என்னக்கா சொன்னாங்க?"

அவள் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கெட்ட மச்சம், முழுசா எடுத்தாச்சு, இனி பயமில்லன்னாங்க. அதைப் போய்ச் சொன்னா என் கிட்னி வேணாம்னு அனுப்பிடுவாங்கடா. நீ அப்ப மூச்சு விடவே கஷ்டப்பட்டுட்டுக் கிடந்தே."

சண்டை போடத்தான் வந்திருந்தான். அழுகை முட்டியது. அதை மறைக்க டேப்பை அவள் தோளில் வைத்தான். கழுத்தோரம் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. தோலுக்கடியில், கடலை அளவுக்கு, கெட்டியாக.

"உனக்கு ஏதாச்சும் ஆயிடுச்சாடா?" என்றாள் மெதுவாக.

"அப்படியே நில்லுக்கா."

விரலை எடுக்கவில்லை. டேப்பின் மறுமுனை நழுவி அவள் முதுகில் தொங்கியது.